ஐந்து மேற்பார்வையாளர்களும் நானும்

என் அண்ணன் காரணம் இல்லாமல் கேக் வாங்குகிறவன் இல்லை. சலவைக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அவன் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த ஒரே பண்டம் டீயில் நனைத்துத் தின்கிற பிஸ்கட். அதுவும் பாக்கெட்டில் உடைந்து போனதை விலை குறைத்து வாங்கி வருவான். அப்படிப்பட்டவன் ஒரு காலையில், மேலே கிரீம் பூ வைத்த கேக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தபோது எனக்குச் சுருக்கென்றது.

எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னான். அது அடுத்த அதிசயம். ஓட்டல் படுக்கை விரிப்பு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது அவன் வேட்டியில் தீப்பிடித்தாலும் மெஷினை நிறுத்த விடமாட்டான். மெஷின் நின்றதும் கூடத்தில் ஒரு விசித்திரமான அமைதி. பாய்லர் மட்டும் மூலையில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. நாங்கள் ஆறு பேர், கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக நின்றோம்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தான். கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை, நீல நாடா, புகைப்படம் எல்லாம் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் எல்லோரும் பாய்லர் மாமா என்போம். அவர் நீராவிப் பிரிவு மேற்பார்வையாளர். துணி மடிக்கிற மடிப்பு அக்கா, மடிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். வேன் டிரைவர் வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர். துவைக்கிற இரண்டு பேர் கூடப்பிறந்தவர்கள், பெரியவர், சின்னவர் என்று கூப்பிடுவோம். பெரியவர் வெள்ளைத்துணி மேற்பார்வையாளர், சின்னவர் கலர்த்துணி மேற்பார்வையாளர். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே என் அட்டைக்காகக் காத்திருந்தேன்.

அண்ணன் பையைத் தட்டிவிட்டு, கேக்கை வெட்டச் சொன்னான். எனக்கு அட்டை இல்லை.

நான் நீராவி இஸ்திரி மேசையில் நிற்கிறவள். இந்தக் கூடத்தில் வருகிற ஒவ்வொரு விரிப்பும் என் கை பட்டுத்தான் வெளியே போகும். அப்படியிருக்க எனக்கு மட்டும் இல்லை என்றால், அச்சடிக்க மறந்துவிட்டான் என்று நினைப்பதற்கு நான் என்ன பச்சைக் குழந்தையா? என் துண்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் அண்ணன் போய் வந்த ஒரு கூட்டம். அடுத்த மாதம் முதல் புதுச் சம்பளச் சட்டம் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சக் கூலி ஏறுகிறது, நேரம் முடிந்த பிறகு வேலை வாங்கினால் இரண்டு மடங்கு தரவேண்டும். ரேடியோவில் சொன்ன அன்றைக்கே பாய்லர் மாமா மகளுக்குக் கண்ணாடி மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். சட்ட மாற்றத்துக்கு முதலாளிகள் எப்படித் தயாராவது என்று யாரோ ஆலோசகர் பாடம் எடுக்கிறாராம், பெரிய ஓட்டலில், மதியச் சாப்பாட்டோடு. அது நாங்கள் துணி துவைத்துக் கொடுக்கிற ஓட்டல்தான். அங்கே மேசைமேல் விரித்திருந்த துணி நான் தேய்த்தது.

போய் வந்ததிலிருந்து ஆளே சரியில்லை. எப்போதும் திறந்தே கிடக்கிற ஆபீஸ் கதவு சாத்தப்பட்டது. உள்ளே அண்ணனும் அண்ணியும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் டீ டம்ளரோடு போனால் பேச்சு நிற்கும். அண்ணி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அண்ணி என்னைப் பார்த்துச் சும்மா சிரிக்கிறவள் இல்லை. ஒருநாள் அண்ணன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கை வலிக்கிறதா என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. ஆள் குறைக்கப் போகிறான், முதல் ஆள் நான்தான் என்று என் மனசு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. கேக் வந்த நாளில் அது உறுதியாயிற்று.

ஆனால் மற்ற ஐந்து பேருக்கும் சந்தேகம் என்மேல். முதலாளியின் தங்கச்சி, சாத்திய கதவுக்குள் என்ன நடக்கிறது என்று இவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவர்களுக்குள் பேச்சு. நான் கைகழுவப் போனால் தொட்டிப் பக்கம் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். மடிப்பு அக்கா தினமும் என் எதிரில்தான் சாப்பிடுவாள். அவள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஏன் அட்டை இல்லை என்று எனக்கே தெரியாது என்றேன். பாய்லர் மாமா மட்டும் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"உனக்கு எதுக்கும்மா அட்டை. நீ வீட்டு ஆளு."

அந்த வார்த்தை அப்போது எனக்கு வேறு மாதிரித்தான் கேட்டது. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதற்கிடையில் அட்டை எல்லோருக்கும் தலைக்கு ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் என்று போட்டாயிற்று, பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா? கூடத்தில் அட்டை இல்லாத ஒரே ஆள் நான். மடிப்பு அக்கா விரிப்பை மடிக்காமலேயே, அதைக் கொஞ்சம் இப்படி எடுத்து வை என்றாள். சின்னவர் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். டிரைவர் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கக் கூப்பிட்டான். பெரியவருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, என் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நான் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்து முதலாளிகள் எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் போய்ப் புலம்பினேன். என் வீட்டுக்காரர் கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு வீட்டோடு இருக்கிறார். சமையல் அவர்தான். அவர் விழுந்த சமயத்தில் அண்ணன் தன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து, அங்கேயே வந்து இருங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். நான் போகவில்லை. எங்கள் வாடகை வீடு ஒற்றை அறைதான், ஆனால் வாடகை என் சம்பளத்தில் போகிறது. மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற அந்தச் சம்பளம் இருப்பதால்தான் நான் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், விருந்தாளியாகத் திரும்பி வருகிறேன். அது போய்விட்டால் மாடி அறைதான்.

வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மச்சான் நல்லவருதான்," என்றார். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் நான் ஆபீஸ் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி ஓட்டல் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் அட்டை இல்ல?"

"உனக்கு எதுக்கு அட்டை? நீ என்ன வேலைக்காரியா?"

"பின்ன நான் யாரு?"

"இது என்ன கேள்வி. என் தங்கச்சி."

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, பாசமாக விளக்கினான். சட்டம் வேலைக்கு இருக்கிறவர்களுக்குத்தான். முதலாளியின் வீட்டு ஆட்கள் கூடமாட உதவி செய்தால் அது வேலைக் கணக்கில் வராது, அவர்களுக்குக் கூலி, நேரம் எதுவும் கிடையாது என்று ஆலோசகர் சொன்னாராம். மேற்பார்வையாளர்களுக்கும் அதே மாதிரிதான். நிர்வாகப் பதவி என்று ஆகிவிட்டால் சாயங்கால வேலைக்கு இரண்டு மடங்கு கேட்க முடியாது. அதனால்தான் ஐந்து பேருக்கு அட்டை, எனக்கு அதுகூட வேண்டாம். ஓட்டல்காரன் பேசிய விலையை வருஷம் முடியும்வரை மாற்றமாட்டான், புதுக் கூலி கொடுத்தால் கூடத்தை மூட வேண்டியதுதான், வேறு வழி இல்லை என்றான். அவன் கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

"அப்ப எனக்குச் சம்பளம்?"

"சம்பளம்னு எதுக்குச் சொல்ற. வீட்டுக்கு என்ன வேணுமோ அண்ணிகிட்ட கேட்டு வாங்கிக்கோ. நான் கொறை வைப்பேனா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும், எதுக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். சோப்புக் கேட்டால், போன வாரம்தானே வாங்கினாய் என்பாள். இனி என் வீட்டுக்காரரின் மருந்துக்கும், என் செருப்பு வாருக்கும், தலைவலி மாத்திரைக்கும் இவள் முன்னால் நின்று எதுக்கு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. வேறு இடத்தில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருப்பேன். இவன் வேலையையும் வாங்கிக்கொண்டு, வேலைக்காரி என்கிற பெயரையும் அல்லவா பிடுங்குகிறான்.

ஓட்டல்காரனிடம் விலையைக் கூட்டிக் கேட்டாயா என்றேன். கேட்டால் வேறு ஆளிடம் போய்விடுவான் என்றான். கேட்டாயா என்று மறுபடியும் கேட்டேன். கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் பேசுவதென்றால் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் பேசுவது சுலபம்.

"தொழிலாளர் ஆபீஸ்லேருந்து பார்க்க வருவாங்க," என்றான் கடைசியில். "கேட்டா, உதவிக்கு வர்றேன்னு சொல்லு. அது ஒண்ணு போதும். உன்கிட்ட வேற எதுவும் கேக்கல."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா எல்லாம் மூடிட்டுப் போகணும். அஞ்சு குடும்பமும் உன்னாலதான் போச்சுன்னு ஆகும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். நேராக மடிப்பு அக்காவிடம் போய் அட்டையின் அர்த்தத்தைச் சொன்னேன். இது பதவி இல்லை அக்கா, சாயங்காலக் காசைப் பிடிப்பதற்கு வழி என்றேன். அவள் அட்டையைப் புடவை முந்தானையால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சம்பந்தி வீட்டுக்காரர்கள் கொஞ்சம் வசதி. துணி மடிக்கிறவள் என்று இத்தனை நாளும் மட்டமாகப் பேசினவர்கள், அட்டையோடு எடுத்த படத்தைப் பார்த்ததும் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை அவள் எப்படி விடுவாள்?

"உனக்குக் குடுக்கலன்னு வயித்தெரிச்சல்," என்றாள். "இல்லன்னா உங்கண்ணன் உன்ன விட்டு ஆழம் பாக்குறான். ரெண்டுல ஒண்ணு."

மாதம் பிறந்தது. ஓட்டல் மூட்டை எப்போதும் போல மதியத்துக்கு மேல்தான் வந்தது. வேன் காலையில் முதலில் ஆஸ்பத்திரித் துணியை எடுத்துவிட்டுத்தான் ஓட்டலுக்குப் போகும், அது இந்தக் கூடத்து வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் தாண்டியும் நின்றோம். வாரக் கடைசியில் அண்ணி எப்போதும் போலச் சம்பள முன்பண உறைகளைக் கொடுத்தாள். எனக்கு உறை இல்லை. பாய்லர் மாமா தன் உறையைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார். சாயங்கால வேலைக்கு எப்போதும் வருகிற காசுகூட அதில் இல்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. மடிப்பு அக்கா அன்றைக்கு என்னை எந்த வேலையும் ஏவவில்லை, அவ்வளவுதான்.

தொழிலாளர் ஆபீஸ் அதிகாரி மழை பெய்த ஒரு நாளில் வந்தார். பெரிய ஆளை எதிர்பார்த்தோம். வந்தவர் நனைந்த குடையும் சளி பிடித்த மூக்குமாக ஒரு நடுவயசு அம்மா. பிளீச்சிங் வாசனைக்கு இரண்டு தடவை தும்மினார். அண்ணன் துண்டு கொடுத்தான், நாற்காலி போட்டான், கேக்கும் வாங்கி வைத்திருந்தான். அவர் கேக்கைத் தொடவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் வந்து நின்றார்.

"நீங்க?"

"வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர்மா."

"எத்தனை வண்டி?"

"ஒண்ணு."

"யார் ஓட்டறது?"

"நான்தான்."

அவர் மறுபடியும் தும்மிவிட்டு அடுத்தவரிடம் போனார். வெள்ளைத்துணி, கலர்த்துணி, நீராவி, மடிப்பு என்று வரிசையாகக் கேட்டார். ஐந்து பேரும் அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். அண்ணன் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தான். கடைசியில் அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாரும் மேற்பார்வையாளர். சரி. யாரை மேற்பார்வை பண்றீங்க?"

முதலில் கை நீட்டியது மடிப்பு அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அட்டை போட்ட நாளிலிருந்து அவள் வேலை ஏவியது என்னைத்தான், அதனால் என்னைக் காட்டினாள். உடனே டிரைவர் காட்டினான். பெரியவர், சின்னவர், பாய்லர் மாமா, எல்லோருடைய விரலும் என் பக்கம். ஐந்து மேற்பார்வையாளர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆள், நான், கையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேன்.

அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. அவனுடைய ஆலோசகர் மதியச் சாப்பாட்டோடு சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை போலிருக்கிறது.

"அவ வேலைக்காரி இல்ல மேடம்," என்றான் அவசரமாக. "என் தங்கச்சி. வீட்டு ஆளு. சும்மா உதவிக்கு வருது."

அந்த அம்மா என்னிடம் வந்தார். நீராவியில் அவருடைய கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றிக்கொண்டு வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. இங்க வேலை பாக்கறீங்களா, உதவிக்கு வர்றீங்களா?"

அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றான். கும்பிடவில்லை, ஆனால் கும்பிடுகிற மாதிரியான முகம். சின்ன வயசில் கண்ணாடி ஜன்னலை உடைத்துவிட்டு அப்பா முன்னால் என்னை அப்படித்தான் பார்ப்பான். நான் எத்தனையோ தடவை அவனுக்காக, நான்தான் உடைத்தேன் என்று அடி வாங்கியிருக்கிறேன். இப்போதும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி ஆபீஸ் வாசலில் ஊசியும் நூலுமாக நின்று பார்த்தாள். எதுக்கு என்று என்னைக் கேட்கப் போகிற அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த சொல் உள்ளே போய்விட்டது.

"வேலை பாக்கறேன்," என்றேன். "காலைலேருந்து ராத்திரி வரைக்கும் வேலைதான் பாக்கறேன். தங்கச்சியா இருக்கறது ஞாயித்துக்கிழமை மட்டும்."

அவர் அதிகம் பேசவில்லை. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் கவலை இல்லை, ஆட்களை வைக்கவும் லீவு கொடுக்கவும் அதிகாரம் இல்லாதவர் மேற்பார்வையாளர் ஆகமாட்டார் என்று அண்ணனிடம் சொன்னார். நாள் முழுக்க நிற்கிற தங்கச்சியும் தொழிலாளிதான். மாதக் கடைசிக்குள் ஆறு பேருக்கும் சரி செய்துவிட்டால் அபராதம் இல்லை என்று சொல்லிவிட்டு, குடையை உதறிக்கொண்டு போனார். கேக் அப்படியே இருந்தது.

அண்ணன் என்னோடு பேசவில்லை. கூடத்தில் என்னைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்தான். பரவாயில்லை, சுவரும் நான்தான் துடைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளே வலித்தது. மடிப்பு அக்கா ஸ்டூலை மறுபடியும் என் எதிரில் கொண்டுவந்து போட்டாள். அட்டையைக் கழற்றவில்லை, முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் அவன் அதே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போனான். மேனேஜர் அறையில் அவன் நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியாது. கேட்டதில் பாதி கொடுத்தார்கள். அது போதாது என்றுதான் வேனை முதலில் ஓட்டலுக்கு அனுப்ப ஆரம்பித்தான். மூட்டை காலையிலேயே வந்தது, சாயங்காலம் நிற்பது பாதியாகக் குறைந்தது. இவ்வளவுதான் வேலை. இதை அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம். மாதக் கடைசியில் அண்ணி ஆறு உறை கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் வெள்ளை அட்டைப் பெட்டி. என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாங்க மச்சான் என்று இருக்கிற ஒரே நாற்காலியைக் கொடுத்தார். அண்ணன் உட்காரவில்லை.

"நான் உன்ன ஏமாத்தணும்னு நெனைக்கல," என்றான். "நீ என் தங்கச்சிதானே, கேக்கமாட்டன்னு நெனச்சேன்."

"தெரியும் அண்ணா. வேத்தாளா இருந்திருந்தா எனக்கு ஒரு அட்டையாவது குடுத்திருப்ப."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்கும் வந்தது, நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் பெட்டியைப் பிரித்துக் கத்தியை எடுத்து வந்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்கும் இல்ல. சும்மா."

அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சின்னத் துண்டாக ஒன்று எடுத்துக்கொண்டேன்.